கே-லுசாக்: சொட்டுக் கணக்கில் தரம் கண்டவர்

பிளஸ் டூவில் வேதியியல் எடுத்தவர்கள் பியூரெட்டை மறந்திருக்க மாட்டார்கள். ஸ்டாண்டில் நிற்கும் நீளக் கண்ணாடிக் குழாய், அதற்குக் கீழே கூம்புக் குடுவை, ஒரு சொட்டு கூடிவிட்டால் திரும்ப முதலிலிருந்து செய்ய வேண்டுமே என்ற பதற்றம். நம் வளாகத்திலும் பிராக்டிகல் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் இருப்பார்கள். அந்தப் பியூரெட்டுக்கும் பக்கத்தில் இருக்கும் பிப்பெட்டுக்கும் இன்று நாம் சொல்லும் பெயர்களை வேதியியலுக்குள் கொண்டுவந்தவர் பிரான்ஸ் நாட்டு ஜோசப் லூயி கே-லுசாக். பாடப்புத்தகத்தில் வாயு விதியோடு அவர் பெயர் முடிந்துவிடுகிறது. ஆனால் ஒரு மூட்டைச் சரக்கில் எவ்வளவு சரக்கு, எவ்வளவு கலப்படம் என்பதை ஒரு சாதாரணத் தொழிலாளியும் கால் மணி நேரத்தில் கண்டுபிடிக்க வழி செய்தவர் அவர். அந்தக் கதைதான் எனக்கு அதிகம் பிடித்தது.

1778 டிசம்பர் 6 அன்று, லிமோஜ் நகருக்கு அருகிலுள்ள சென்ட் லெயோனார் தெ நொப்லா என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா வழக்கறிஞர், அரசரின் ஆட்சியில் நீதித்துறைப் பதவியும் வகித்தவர். குடும்பப் பெயர் ‘கே’ மட்டும்தான். அந்தப் பகுதியில் அதே பெயர் கொண்டவர்கள் பலர் இருந்ததால், தங்களுக்குச் சொந்தமான லுசாக் என்ற நிலத்தின் பெயரையும் சேர்த்துக்கொண்டார்கள். நம் பக்கத்தில் பெயருக்கு முன்னால் ஊர்ப்பெயர் சேர்வது மாதிரிதான்.

பையனுக்குப் பத்து வயது இருக்கும்போது பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. அரசரின் ஆட்சியில் பதவி வகித்தவர் என்பதால் அப்பா சந்தேகப் பட்டியலில் சேர்க்கப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார். தலை தப்பியது. வீட்டின் பழைய வசதி தப்பவில்லை. பையனைப் படிக்க வைக்கப் பாரிஸுக்கு அனுப்பினார்கள். 1797-இல் எகோல் பாலிடெக்னிக் என்ற புதிய பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது.

அங்கேதான் அவர் பெர்தொலேயின் கண்ணில் பட்டார். குளோரினைக் கொண்டு துணியை வெளுக்கலாம் என்று 1780-களில் காட்டிய பெரிய வேதியியலாளர் பெர்தொலே. இந்த இளைஞனிடம் ஒரு சோதனையைச் செய்யச் சொன்னார். தன் கொள்கைக்குச் சாதகமான முடிவு வரும் என்பது அவர் எதிர்பார்ப்பு. வந்ததோ நேர்மாறான முடிவு. இளைஞன் அதை மழுப்பாமல் அப்படியே கொண்டுவந்து கொடுத்தான். பெர்தொலேக்குக் கோபம் வரவில்லை. இவன் நம்பத்தகுந்தவன் என்று தன்னோடு வைத்துக்கொண்டார். கே-லுசாக்கைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் இந்த நிகழ்ச்சியைத் தவறாமல் சொல்கிறார்கள். பின்னால் அவர் செய்த வேலைகளைப் பார்க்கும்போது நம்பத்தான் தோன்றுகிறது.

1802-இல், எல்லா வாயுக்களும் ஒரே அளவு சூட்டுக்கு ஒரே விகிதத்தில்தான் விரிகின்றன என்று அளந்து காட்டினார். அதே உண்மையைச் சுமார் 15 ஆண்டுகளுக்கு முன்பே சார்ல் என்பவர் கவனித்திருந்தார், ஆனால் எங்கும் அச்சிடவில்லை. கே-லுசாக் தன் கட்டுரையில் அவர் பெயரைக் குறிப்பிட்டார். அதனால்தான் இன்று நம் பிள்ளைகள் அதைச் ‘சார்லஸ் விதி’ என்று படிக்கிறார்கள். சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

1804-இல் இரண்டு முறை பலூனில் ஏறினார். முதல் முறை பியோ என்ற இயற்பியலாளருடன். இரண்டாம் முறை, செப்டம்பர் 16 அன்று, தன்னந்தனியாக 7,016 மீட்டர் உயரம். தரையில் 27 டிகிரிக்கு மேல் இருந்த வெப்பநிலை மேலே உறைநிலைக்குக் கீழே 9 டிகிரியைத் தாண்டியது. மூச்சு முட்டியது, கை விறைத்தது. அந்த நிலையிலும் வெற்றிடமாக்கிய குடுவைகளைத் திறந்து மேல்வானத்துக் காற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். சோதித்துப் பார்த்தால் ஆக்ஸிஜன் பங்கு கீழே உள்ளதே அங்கேயும். எடை குறைப்பதற்காக அவர் மேலிருந்து போட்ட மர நாற்காலி ஒன்று வயலில் ஆடு மேய்த்த பெண்ணின் அருகில் விழ, அது வானத்திலிருந்து வந்ததாக ஊரே பேசியது என்று ஒரு கதையும் உண்டு. அந்த உயரத்தை ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு யாரும் தாண்டவில்லை.

திருமணமும் வேதியியல் வழியாகவே வந்தது. ஒரு துணிக்கடையில் வேலை செய்த ஜெனவியேவ் ரோஜோ என்ற இளம்பெண், வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் மேசைக்கு அடியில் எதையோ மறைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். என்ன புத்தகம் என்று எட்டிப் பார்த்தால், வேதியியல். பிறகு வேறென்ன!

1808-க்கு வருவோம். அதற்கு முந்தைய ஆண்டுதான் இங்கிலாந்தில் டேவி மின்சாரத்தைப் பாய்ச்சிப் பொட்டாசியம் என்ற புதிய உலோகத்தைப் பிரித்திருந்தார். கே-லுசாக்கும் அவருடைய நண்பர் தெனாரும் மின்சாரம் இல்லாமல், இரும்பையும் பொட்டாஷையும் பெருஞ்சூட்டில் வினைபுரிய வைத்து அதையே அதிக அளவில் எடுத்தார்கள். அந்த உலோகத்தை வைத்துப் போரான் என்ற தனிமத்தையும் பிரித்தார்கள். அந்த ஆண்டிலேயே பொட்டாசியம் வெடித்து கே-லுசாக்கின் முகத்தில் அடித்தது. பல நாள் பார்வையே இல்லை. பிறகு பார்வை திரும்பினாலும் கண்கள் பழையபடி ஆகவில்லை. இத்தனைக்குப் பிறகும் அவர் வாழ்நாளின் மிக நுட்பமான வேலைகள் எல்லாம் கண்ணால் நிறம் பார்த்துச் செய்யும் வேலைகளாகவே இருந்தன.

அமிலம் என்றால் என்ன என்ற கேள்விக்கும் அவர் பங்கு உண்டு. ஆக்ஸிஜன் இருந்தால்தான் ஒரு பொருள் அமிலம் ஆகும் என்று லவாய்சியே சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆக்ஸிஜன் என்ற பெயருக்கே ‘அமிலத்தை உண்டாக்குவது’ என்றுதான் பொருள். 1815-இல் கே-லுசாக், கொடிய விஷமான ஹைட்ரோசயனிக் அமிலத்தை ஆராய்ந்து, அதில் ஹைட்ரஜன், கார்பன், நைட்ரஜன் மட்டுமே இருப்பதைக் காட்டினார். ஆக்ஸிஜன் துளியும் இல்லை.

இனி பொட்டாஷ் கதை. அந்தக் காலத்தில் கண்ணாடி செய்ய, சோப்பு காய்ச்ச, துணி வெளுக்க, எல்லாவற்றுக்கும் காரம் தேவை. நம் ஊரில் வெளுப்பவர்கள் உவர்மண்ணைப் பயன்படுத்தியது நினைவிருக்கும். ஐரோப்பாவில் மரத்தை எரித்த சாம்பலை நீரில் கரைத்து வடித்துக் காய்ச்சி எடுத்ததுதான் பொட்டாஷ். ரஷ்யாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் பீப்பாய் பீப்பாயாகக் கப்பலில் வந்து இறங்கும். பார்க்க எல்லாம் ஒரே வெள்ளைச் சரக்கு. ஒரு பீப்பாயில் பாதிக்கு மேல் காரம் இருக்கும், இன்னொன்றில் பாதிக்கு மேல் வேறு உப்புகளும் மண்ணும் ஈரமும் இருக்கும். இரண்டுக்கும் ஒரே விலை கொடுத்து ஏமாறும் சோப்புக்காரர்கள் ஏராளம். நாக்கில் வைத்துப் பார்த்து அனுபவத்தில் சொல்லும் ஆட்களை நம்பித்தான் வியாபாரம் நடந்தது.

இதற்கு வழி, அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும் குணத்தில் இருந்தது. இரண்டும் சேர்ந்தால் உப்பும் நீரும் ஆகிவிடும். இதையே நடுநிலையாக்கல் என்கிறோம். குறிப்பிட்ட அளவு அமிலம் குறிப்பிட்ட அளவு காரத்தைத்தான் முறிக்கும், கூடவும் குறையவும் செய்யாது. ஆகவே வலிமை தெரிந்த அமிலத்தை, வலிமை தெரியாத காரக் கரைசலில் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். காரம் தீர்ந்துபோகும் நொடியில் நிறுத்த வேண்டும். எவ்வளவு அமிலம் செலவானது என்று பார்த்தால், எவ்வளவு காரம் இருந்தது என்பது கையில். தீர்ந்துபோகும் நொடியைக் காட்டிக்கொடுக்க லிட்மஸ் சாயம் இருக்கிறது. காரத்தில் நீலம், அமிலத்தில் சிவப்பு.

இதை முதலில் யோசித்தவர் கே-லுசாக் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரூவான் நகரத்து தெக்ரோய்சில் என்பவர், பெர்தொலேயின் குளோரின் வெளுப்பு முறை நெசவாலைகளில் பரவியபோது, கரைசல் வீரியம் கூடித் துணி நைந்துபோவதைக் கண்டார். நீலச் சாயத்தின் நிறம் போக எவ்வளவு கரைசல் செலவாகிறது என்று அளவுக்கோடு போட்ட குழாயில் பார்க்கும் முறையை 1795-இலேயே வெளியிட்டார். 1806-இல் காரத்துக்கும் அதேபோல் ஒரு கருவி செய்தார். அந்தக் குழாயைக் கையில் எடுத்து முழுமையாக்கியவர் கே-லுசாக். வெளுக்கும் கரைசல்கள் பற்றி 1824-இல் அவர் எழுதிய கட்டுரையில்தான் பியூரெட், பிப்பெட் என்ற பெயர்கள் வருகின்றன. அவருடைய பியூரெட் இன்று நாம் பார்ப்பது போன்றது அல்ல. பெரிய குழாயின் அடியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் பக்கவாட்டில் மேலே எழும்பி வளைந்திருக்கும். கெண்டியைச் சாய்ப்பது போலக் கையால் சாய்த்துச் சொட்டு விட வேண்டும். ரப்பர் குழாயும் கவ்வியும் போட்டு, நிமிர்ந்து நிற்கும் பியூரெட்டைப் பரப்பியது பின்னால் வந்த ஜெர்மானியர் மோர்.

பொட்டாஷைச் சோதிப்பது பற்றிய கே-லுசாக்கின் கட்டுரை 1828-இல் வந்தது. அதில் உள்ள தந்திரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஒரு லிட்டருக்கு 100 கிராம் கந்தக அமிலம் இருக்கும்படி கரைசல் தயாரித்துக்கொள்கிறார். அதில் 50 மில்லியில் 5 கிராம் அமிலம் இருக்கும். பியூரெட்டில் அந்த 50 மில்லியை 100 கோடுகளாகப் பிரிக்கிறார். 5 கிராம் கந்தக அமிலம் ஏறத்தாழ 4.8 கிராம் சுத்தமான பொட்டாஷை முறிக்கும் என்பது முன்பே தெரிந்த கணக்கு. சந்தைச் சரக்கிலும் சரியாக அதே எடையை எடுத்துக் கரைத்துச் சோதிக்கச் சொல்கிறார். சரக்கு முழுவதும் சுத்தம் என்றால் 100 கோடு அமிலமும் செலவாகும். 60-ஆவது கோட்டில் நிறம் மாறினால் சரக்கில் 60 சதவீதம் பொட்டாஷ். பெருக்கல் வகுத்தல் எதுவும் வேண்டாம். எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், சோப்புக் கடையில் வேலை செய்யும் பையனே சொல்லிவிடுவான். கணக்கை எல்லாம் முன்கூட்டியே தான் போட்டு, எடையிலும் கோட்டிலும் ஒளித்துவைத்துவிட்டார்.

சிக்கல் ஒன்று இருந்தது. பொட்டாஷில் பெரும்பகுதி கார்பனேட். அமிலம் பட்டதும் கரியமில வாயு கிளம்பும். அது நீரில் கரைந்து தானும் ஒரு மெல்லிய அமிலமாக நடந்துகொள்ளும். அதனால் வேலை முடியும் முன்பே லிட்மஸ் நீலத்திலிருந்து திராட்சை மது நிறத்துக்குப் போய்விடும். அவசரக்காரர் அங்கேயே நிறுத்தி, சரக்கைக் குறைத்துச் சொல்லிவிடுவார். இன்னும் பொறுமையாகச் சொட்டுவிட்டுக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் சட்டென்று வெங்காயச் சருகின் நிறம் வரும். அதுதான் முடிவு. சந்தேகம் இருந்தால் கண்ணாடிக் குச்சியால் தொட்டு லிட்மஸ் தாளில் கோடு இழுத்துப் பார்க்கலாம். நிறங்களை இப்படி வீட்டுப் பொருள்களின் பெயரால் சொன்னதும் சாதாரண மக்களுக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

அவருடைய தந்திரம் நம் வீட்டுக் குழாய் வரைக்கும் வருகிறது. போர்வெல் தண்ணீரையோ லாரித் தண்ணீரையோ சோதனைக்கு அனுப்பினால் வரும் அறிக்கையில் ‘மொத்தக் காரத்தன்மை’ என்று ஒரு வரி இருக்கும். ஆய்வகத்தில் அதற்குச் செய்வது இதே அமிலச் சொட்டு வேலைதான். அங்கே பயன்படுத்தும் கந்தக அமிலத்தின் வலிமையை, ஒரு மில்லி அமிலம் ஒரு மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமமாக இருக்கும்படி வைத்திருப்பார்கள். 100 மில்லி தண்ணீரை எடுத்து, மெத்தில் ஆரஞ்சு சேர்த்து, மஞ்சள் ஆரஞ்சாக மாறும் வரை அமிலம் விடுவார்கள். 32 மில்லி செலவானால் பின்னால் ஒரு பூஜ்யம் சேர்த்து, லிட்டருக்கு 320 மில்லிகிராம் என்று எழுதுவார்கள். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் காரத்தன்மை 200 வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 600 வரை அனுமதி. அடுத்த வரியில் இருக்கும் கடினத்தன்மைக்கும் அதே 200, 600 எல்லைகள்தான். அதைக் காண அமிலத்துக்குப் பதில் வேறொரு கரைசல், வேறொரு நிறம். சொட்டு விடும் வேலை மட்டும் மாறாது.

இந்த முறைக்கு ஆங்கிலத்தில் டைட்ரேஷன் என்று பெயர். நம் பாடநூல்களில் தரம் பார்த்தல். டைட்ரேஷனுக்கு மூலம் ‘தீத்ர்’ என்ற பிரெஞ்சுச் சொல். தங்கம் வெள்ளியின் மாற்று என்பதுதான் அதன் பழைய பொருள். நகைக்கடையில் மாற்று பார்ப்பது போலப் பொட்டாஷுக்கும் மாற்று பார்க்கலாம் என்று கே-லுசாக் அந்தச் சொல்லைக் கடன் வாங்கினார். அடுத்த ஆண்டே, 1829-இல், அவரைப் பாரிஸ் நாணயச்சாலையில் மாற்றுப் பார்க்கும் பதவிக்கு அழைத்தார்கள். கடன் வாங்கிய இடத்துக்கே போய்ச் சேர்ந்தார்.

அங்கே பெரிய பிரச்சினை ஒன்று காத்திருந்தது. வெள்ளியின் மாற்றை அதுவரை புடம் போட்டுத்தான் பார்த்தார்கள். காரீயத்தோடு சேர்த்து உருக்கினால் மற்ற உலோகங்கள் புடக்கிண்ணத்தில் இறங்கிவிடும், வெள்ளி மட்டும் மணியாக மிஞ்சும், அதை எடை போடுவார்கள். தலைமுறை தலைமுறையாகச் சட்டம் நம்பிய முறை. ஆனால் கொஞ்சம் வெள்ளியும் கிண்ணத்தோடு போய்விடும். ஆயிரத்தில் 900 பங்கு வெள்ளி உள்ள நாணயக் கலவை புடத்தில் சுமார் 896 என்றே காட்டும். குறைகிறதே என்று நாணயச்சாலை அதிகம் வெள்ளி சேர்க்கும். ஐந்து பிராங்க் நாணயம் ஒன்று 25 கிராம். ஒன்றுக்கு 0.1 கிராம் கூடுதல் என்று வைத்துக்கொண்டாலே, பத்து லட்சம் நாணயத்தில் 100 கிலோ வெள்ளி. விவரம் தெரிந்தவர்கள் நாணயத்தை வாங்கி உருக்கினாலே லாபம்.

கே-லுசாக் நெருப்பை விட்டுவிட்டுத் தண்ணீருக்கு வந்தார். வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, அதில் சாதாரண உப்புக் கரைசலை விட்டால், வெள்ளி முழுவதும் தயிர்த் துணுக்குகள் போல வெள்ளையாகப் படியும். லிட்டருக்குச் சுமார் 5.4 கிராம் உப்பு. இதில் 100 மில்லி சரியாக ஒரு கிராம் வெள்ளியைப் படியவைக்கும். குடுவையை நன்றாகக் குலுக்கித் தெளியவிட்டு, பத்தில் ஒரு பங்கு வலிமை உள்ள கரைசலை ஒவ்வொரு மில்லியாக விட வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிகிராம் வெள்ளிக்குச் சமம். மேகம் போலக் கலங்கினால் இன்னும் வெள்ளி இருக்கிறது, கலங்காவிட்டால் முடிந்தது. சாயம்கூடத் தேவையில்லை. இது அமிலம், காரம் சம்பந்தப்பட்டதல்ல என்றாலும் பொட்டாஷ் சோதனையின் சொந்தத் தம்பிதான். 1832-இல் இதற்கான செய்முறை நூலை வெளியிட்டார். கண் பாதிக்கப்பட்ட மனிதர், ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான வித்தியாசத்தைக் கண்ணால் கண்டுபிடிக்கும் முறையை உலக நாணயச்சாலைகளுக்குக் கொடுத்தார்.

ஆளைப் பற்றியும் கொஞ்சம். வெளியாட்களிடம் அதிகம் பேசாதவர், இறுக்கமானவர் என்று பெயர். அவருடைய ஆய்வகம் ஈரம் கசியும் தாழ்ந்த அறை. கால் நனையாமல் இருக்க மரச் செருப்பு போட்டுக்கொண்டு வேலை செய்வார். பின்னாளில் ஜெர்மனியின் மாபெரும் வேதியியலாளரான லீபிக், இருபது வயதில் அங்கே வந்து அவரோடு வேலை செய்தார். சோதனை நல்லபடியாக முடிந்தால் இந்த இறுக்கமான மனிதர் மாணவனைப் பிடித்துக்கொண்டு நடனம் ஆடுவாராம்.

ஒரே நேரத்தில் பல பதவிகள் வகித்தார் என்று அவரைக் குறை சொன்னவர்களும் உண்டு. கல்லூரிப் பேராசிரியர், நாணயச்சாலை, வெடிமருந்துக் குழு, சென்-கோபேன் கண்ணாடித் தொழிற்சாலை ஆலோசகர், 1831 முதல் நாடாளுமன்ற உறுப்பினர், 1839-இல் மேல்சபை. குறையில் நியாயம் இருக்கிறது, இளமைக் காலத்துப் பெரிய கண்டுபிடிப்புகள் பிற்காலத்தில் இல்லை. ஆனால் கந்தக அமிலத் தொழிற்சாலைகளில் வீணாகப் போகும் நைட்ரஜன் வாயுக்களைப் பிடித்துத் திரும்பப் பயன்படுத்தும் ‘கே-லுசாக் கோபுரம்’ அந்தக் காலத்து யோசனைதான். மதுவில் எத்தனை பங்கு ஆல்கஹால் என்று மிதக்கவிட்டுப் பார்க்கும் அளவுகோலையும் அவரே ஒழுங்குபடுத்தினார். நெடுங்காலம் பாட்டில்களில் அந்த அளவு அவர் பெயராலேயே அச்சாகி வந்தது.

1850 மே 9 அன்று பாரிஸில் காலமானார். வயது 71. பெர்-லஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். பாரிஸில் அவர் பெயரில் ஒரு தெரு உண்டு. 1889-இல் ஈஃபில் கோபுரத்தைக் கட்டியபோது முதல் தளத்துக்குக் கீழே சுற்றிலும் 72 அறிஞர்கள், பொறியாளர்களின் பெயர்களைப் பொறித்தார்கள். அவற்றில் கே-லுசாக் இருக்கிறார், பொட்டாசியக் கூட்டாளி தெனாரும் இருக்கிறார். ரூவான் நகரத்து தெக்ரோய்சில் பெயர் அங்கே இல்லை.